ஆளுக்கொரு பொட்டலம்

மல்லசமுத்திரத்தில் போர்வெல் வண்டி வைத்திருந்த சென்னிமலைக்கு எதற்கெடுத்தாலும் சாமியிடம் பூக் கேட்டாக வேண்டும். ரிக் வண்டியை வடக்கே அனுப்பலாமா, மேட்டுக்காட்டில் மரவள்ளி போடலாமா கடலை போடலாமா, மாட்டை விற்கலாமா வைத்துக்கொள்ளலாமா, எதுவானாலும் கருப்பணார் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி காலடியில் வைத்தால் பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. ஒருமுறை ஆந்திரா பக்கம் ஒரு பெரிய போர்வெல் வேலை வந்தது. பூ சிவப்பாக வந்துவிட்டது. கூட்டாளிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மனிதர் அசையவே இல்லை. வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள் தனப்பிரியா சேலத்தில் கணித ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அதுவும் சாதாரணக் கணிதம் இல்லை, குவாண்டம் தகவல் கோட்பாட்டின் அடித்தளம். புள்ளை என்ன படிக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அவளுடைய அம்மா பொன்னாத்தாள், கம்ப்யூட்டர் மாதிரி, ஆனால் கம்ப்யூட்டர் இல்லை என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விடுவாள்.

விஷயம் அவ்வளவு பயமுறுத்துவதும் இல்லை. இரண்டு பேரை இரண்டு அறைகளில் உட்கார வைக்க வேண்டும். அவர்கள் பேசிக்கொள்ளக் கூடாது. நடுவர் ஒருவர் இருவரிடமும் தனித்தனியாகக் கேள்வி கேட்பார். பதில்கள் விதிப்படி ஒன்றோடொன்று பொருந்தினால் இருவருக்கும் வெற்றி, பொருந்தாவிட்டால் இருவருக்கும் தோல்வி. முன்கூட்டியே எவ்வளவு பேசி வைத்துக்கொண்டு போனாலும் சில ஆட்டங்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து தடவைக்கு மேல் ஜெயிக்க முடியாது. ஆனால் இருவர் கையிலும் குவாண்டம் முறையில் பிணைந்த துகள்களைக் கொடுத்துவிட்டால், ஒரு வார்த்தை பேசாமலே எண்பத்தைந்தை எட்டலாம்.

இதை எந்தக் கணிதத்தில் எழுதுவது என்பதுதான் தனப்பிரியாவின் கேள்வி. இரண்டு பேரும் தனித்தனி வீட்டில் இருப்பதாக எழுதலாம். அல்லது ஒரே பெரிய வீட்டில் இருக்கிறார்கள், ஒருவர் செய்வது மற்றவரைத் துளியும் பாதிப்பதில்லை என்றும் எழுதலாம். வீட்டுக்கு ஓர் எல்லை இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். எல்லையே இல்லாத வீடு என்று வந்துவிட்டால் இரண்டும் வேறுவேறாகப் போகிற ஆட்டங்கள் உண்டு என்று சில வருடங்களுக்கு முன்னால்தான் நிரூபித்தார்கள். எந்தெந்த ஆட்டங்களில் அப்படிப் பிரியாமல் இருக்கும் என்று தேடுவது அவள் வேலை. அவளுடைய வேலை மட்டுமல்ல, பூபதியின் வேலையும் அதுதான்.

பூபதி புதுச்சத்திரத்துக்காரன். அதே துறையில் அவளுக்கு முன்னால் சேர்ந்தவன். கரும்பலகையின் இடது பாதி அவனுக்கு, வலது பாதி அவளுக்கு என்று ஆரம்பித்த பழக்கம், நடுக்கோடு எங்கே இருந்தது என்று இருவருக்கும் மறந்துபோகிற அளவுக்கு வளர்ந்தது. அவன் பொறுமைசாலி. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போக ஒரு வாரம் எடுத்துக்கொள்வான், ஆனால் அந்த வரியை யாராலும் அசைக்க முடியாது. அவள் தாவித் தாவிப் போகிறவள். அவள் தாவிய இடத்திலெல்லாம் அவன் பின்னாலிருந்து பாலம் கட்டிக்கொண்டு வருவான். இந்த மனிதனோடு நூறு வயதுவரை கரும்பலகை முன்னால் நிற்கலாம் என்று அவளுக்குத் தோன்றிய நாளில், அவனிடம் அதைச் சொல்லியும் விட்டாள். அவன் சாக்பீஸ் தூள் படிந்த கையை வேட்டியில் துடைப்பதா சட்டையில் துடைப்பதா என்று தெரியாதவன்போல நின்றான். அவன் போட்டிருந்ததோ பேன்ட்.

அவர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒரு துணைத்தேற்றம் முரண்டு பிடித்தது. பூபதி மூன்று வருடமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, அது ஒன்றுதான் பாக்கி. ஒரு மத்தியானம் சேலத்திலிருந்து ஊருக்குப் போகிற பஸ்ஸில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த தனப்பிரியாவுக்கு அது சட்டென்று விழுந்துவிட்டது. மறுநாள் பலகையில் எழுதிக் காட்டினாள். பாதிப் பலகைகூட ஆகவில்லை. பூபதி இரண்டு தடவை படித்தான். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். அவள் சந்தோஷத்தில் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டீக் குடிக்கப் போனாள். அவன் முகத்தை அன்றைக்கு அவள் சரியாகப் பார்க்கவே இல்லை.

கல்யாணப் பேச்சில் இரண்டு குடும்பத்துக்கும் மனத்தாங்கல் எதுவும் இல்லை. ஜாதகம்தான் குறுக்கே விழுந்தது. திருச்செங்கோட்டு ஜோசியர் பொருத்தம் அமோகம் என்றார், எடப்பாடி ஜோசியர் கிட்டவே சேர்க்காதீர்கள் என்றார். சென்னிமலைக்கு இந்த இடத்தில் வேறு யோசனையே வராது. பூக் கேட்டுவிடலாம் என்றார். மாப்பிள்ளை வீட்டாரும் சரி என்றார்கள். வெள்ளை வந்தால் வைகாசியில் கல்யாணம், சிவப்பு வந்தால் பேச்சை அதோடு விட்டுவிடுவது.

கல்யாணத்துக்குப் பூக் கேட்பதற்கு அந்தக் கோயிலில் தனிக் கட்டுப்பாடு உண்டு. யார் காலத்திலோ எவனோ இரண்டு பொட்டலத்திலும் ஒரே பூவை வைத்துச் சாமியையே ஏமாற்றிவிட்டானாம். அதிலிருந்து ஆளுக்கொரு பொட்டலம். பெண் தன் கையால் சிவப்பு அரளியைக் கட்ட வேண்டும், மாப்பிள்ளை தன் கையால் வெள்ளை நந்தியாவட்டையைக் கட்ட வேண்டும். ஒரே அளவு இலைத் துண்டையும் வாழை நாரையும் பூசாரி முதல் நாளே இரண்டு வீட்டுக்கும் கொடுத்தனுப்பிவிடுவார். தலைக்குக் குளித்துவிட்டு யாரும் பார்க்காமல் கட்டி, கட்டிய பிறகு வேறு யார் கையிலும் கொடுக்காமல், சாமி முன்னால் தட்டில் போட வேண்டும். எடுத்ததைத்தான் பிரிக்கலாம். எடுக்காததைப் பிரித்துப் பார்ப்பது சாமியைச் சந்தேகப்படுவது, அதை அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்கள்.

கேட்டால் சாமர்த்தியமான ஏற்பாடுதான். இழுத்தடிப்பது எப்போதும் பெண் வீடு, அவசரப்படுவது மாப்பிள்ளை வீடு என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று நினைக்கிற பெண் வீட்டார் கையில் சிவப்பு மட்டும் இருந்தால் அவர்களால் வெள்ளையை மாற்ற முடியாது. வேண்டும் என்று துடிக்கிற மாப்பிள்ளை வீட்டாரால் சிவப்பை மாற்ற முடியாது. ஆசை தலைகீழாக இருந்தால் என்ன ஆகும் என்று மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை.

தனப்பிரியாவுக்கு அந்த ஓட்டை ஒரு நொடியில் தெரிந்தது. விதிகளில் ஓட்டை தேடுவதுதானே அவள் படிப்பு. வேண்டும் என்று நினைக்கிற பெண், சிவப்புக்குப் பதில் வெள்ளையைக் கட்டினால் போதும். பூபதியுடையது எப்படியும் வெள்ளை. பூசாரி எதை எடுத்தாலும் வெள்ளைதான் வரும்.

மூன்று நாள் அவள் மனத்தோடு சண்டை போட்டாள். அப்பாவின் நம்பிக்கையைத் திருடுவதுபோல இருந்தது. ஆனால் தன் வாழ்க்கையை ஒரு நாணயம் சுண்டிப் பார்ப்பதுபோலப் பாதிக்குப் பாதி விட்டுவிட அவளால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுப் பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, நந்தியாவட்டைப் பூ ஒன்றை இலையில் வைத்து மடித்தாள். நாரை இறுக்கும்போது, சாமி, இது திருட்டுத்தனம்தான், பொறுத்துக்கொள் என்று வாய்விட்டே சொன்னாள்.

கோயிலில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பூபதி வேட்டி கட்டி வந்திருந்தான். அவனுடைய அம்மா உண்ணாமலை, பொன்னாத்தாளிடம் சேலை எங்கே எடுக்கலாம் என்றே பேச ஆரம்பித்துவிட்டாள். இருவரும் தட்டில் பொட்டலங்களைப் போட்டார்கள். பூசாரி சுப்பையன் தட்டைக் குலுக்கிச் சாமி காலடியில் கவிழ்த்தார். கற்பூரம் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். தனப்பிரியா கையைக் கூப்பிக்கொண்டு, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

இலையைப் பிரித்தபோது உள்ளே சிவப்பு அரளி இருந்தது.

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பொன்னாத்தாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். தனப்பிரியாவுக்கு முதலில் எதுவும் புரியவில்லை, பூ எப்படி நிறம் மாறியது என்றுதான் நினைத்தாள். பிறகு புரிந்தது. அவள் கட்டியது வெள்ளை. வந்தது சிவப்பு. அப்படியானால் பிரிந்து கிடப்பது அவளுடைய பொட்டலம் இல்லை.

அவள் பூபதியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்திருந்தான். நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை அவன் மெல்ல விடுவது தெரிந்தது. சுப்பையன் இரண்டாவது பொட்டலத்தைப் பிரிக்காமலே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார். சத்தம்கூடக் கேட்கவில்லை.

தனப்பிரியாவால் அழக்கூட முடியவில்லை. எல்லோரும் அவளைத் தேற்றினார்கள், சாமி எதையோ தடுத்திருக்கிறது, நல்லதுக்குத்தான் என்றார்கள். அவர்களுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொன்னால் அவள் செய்ததும் வெளியே வரும். வீட்டுக்கு வந்து படுத்தவள் இரண்டு நாள் ஒரே யோசனையை உருட்டிக்கொண்டிருந்தாள். உண்ணாமலை மாற்றியிருப்பாளோ? ஆனால் உண்ணாமலை சேலையைப் பற்றியல்லவா பேசினாள்? சரி, அவன் குளிக்கப் போயிருந்தபோது வேறு யாராவது? நிறம் தெரியாமல், அவசரத்தில், தவறுதலாக? நிரூபணத்தில் இப்படி ஒரு வாதத்தை எவராவது எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவாள். இப்போது அப்படிப்பட்ட வாதங்களைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் பஸ் ஏறிப் புதுச்சத்திரத்துக்குப் போனாள். நெடுஞ்சாலையோரத்து பேக்கரி ஒன்றில் பூபதி வந்து எதிரில் உட்கார்ந்தான். இரண்டு டீ சொன்னான். சாமி இப்படிச் சொல்லிவிட்டதே, என்ன செய்வது, கட்டுரையை எப்போதும்போலச் சேர்ந்து முடித்துவிடலாம் என்றான். அவன் குரல் இதமாக இருந்தது. அவள் டீயைத் தொடவில்லை.

"உங்க பொட்டணத்துல என்ன பூ வெச்சீங்க?"

"வெள்ளைதான் தனா. நாங்க வெள்ளைதானே கட்டோணும்."

"நான் கட்டுனதும் வெள்ளைதானுங்க."

பூபதி டம்ளரைக் கீழே வைத்தான். அவன் கணக்குப் போடுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பலகை முன்னால் எத்தனையோ தடவை பார்த்த முகம்தான் அது. ஒரு வரி, அதிலிருந்து அடுத்த வரி, எங்கும் தாவாமல், நிதானமாகக் கடைசி வரிக்கு வந்து சேர்ந்தான். வந்து சேர்ந்ததும் அவன் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. எங்கள் அம்மாதான் மாற்றியிருப்பாள் என்று அவன் சொல்லட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அந்தப் பொய்யை அவன் சொல்லியிருந்தால் அப்படியே நம்பிக்கொண்டு பஸ் ஏறியிருப்பாள்.

"நாந்தான் தனா," என்றான் பூபதி.

அவள் காரணம் கேட்கும்வரை அவன் காத்திருக்கவில்லை. அவனாகவே பேசினான். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்ததால் சில வார்த்தைகளுக்குக் காத்திருந்து பேச வேண்டியிருந்தது. அந்தத் துணைத்தேற்றத்தை அவள் எழுதிக் காட்டிய அன்று அவன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதானாம். தேற்றம் கிடைத்ததற்காக அல்ல.

"நீ சந்தோசமா இருந்தே. நானும் சந்தோசமா இருக்கோணும்ல? இருக்க முடியல. மூணு வருசம் நான் என்னத்தப் பண்ணுனேன்னு இருந்துச்சு. உன்ற பக்கத்துல நின்னா நான் இருக்கறதே எனக்குத் தெரியறதில்ல. ஒரே ஊட்டுல, காலத்துக்கும், தெனமும் இப்பிடியே இருக்கோணுமான்னு பயந்துட்டேன்."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னா நீ உடமாட்டே. எதுக்கும் ஒரு வழி கண்டுபுடிச்சிருவே. அதுதான் சாமி மேல போட்டுட்டேன்."

அவளுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அவன் சொல்லியிருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள், வழி தேடியிருப்பாள். தன்னுடைய தாவல்களை அவன் ரசிக்கிறான் என்றே அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவன் பின்னால் பாலம் கட்டிக்கொண்டு வருகிறான் என்றால் அவனுக்கு அது பிடித்திருக்கிறது என்றே நினைத்தாள். ஒரே வீட்டில் இருப்பதாக அவள் எழுதிக்கொண்டிருந்தாள், அவனோ எப்போதோ தனி வீட்டுக்குப் போய்விட்டிருந்தான்.

இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. அவள் சிவப்பை வெள்ளையாக்கினாள், அவன் வெள்ளையைச் சிவப்பாக்கினான். ஒரே ஓட்டையை இருவரும் இரண்டு பக்கமிருந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டு திருட்டும் ஒன்றுக்கொன்று கழிந்துபோய், கடைசியில் தட்டில் இருந்தது ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும். கருப்பணாரை யாரும் ஏமாற்றவில்லை. முறைப்படிதான் கேட்டிருக்கிறார்கள், முறைப்படிதான் பதில் வந்திருக்கிறது.

"வெள்ள வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"நீ என்ன பண்ணுனேன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். அம்புட்டு ஆசையான்னு நெனச்சிருப்பேன். ஒண்ணுஞ் சொல்லாம கட்டியிருப்பேன் தனா."

அப்படியே ஆகியிருக்கக் கூடாதா என்று அவள் மனம் ஏங்கியது. சுப்பையனின் விரல் கொஞ்சம் தள்ளிப் போய் மற்ற பொட்டலத்தைத் தொட்டிருக்கக் கூடாதா. அவன் பயந்துகொண்டே பக்கத்தில் இருந்திருப்பான், அவளுக்கு அது தெரியாமலே இருந்திருக்கும். அவன் படுகிற பாட்டைவிட அவன் பக்கத்தில் இருப்பதுதான் தனக்கு வேண்டியிருக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுந்தாள். கட்டுரையை நீங்களே முடித்து அனுப்புங்கள் என்று சொன்னாள். அவன் எழுந்து பஸ் நிறுத்தம்வரை கூட வந்தான்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சென்னிமலை வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். மகளைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். அவள் சாப்பிட்டாளா என்று கேட்டார். பிறகு பொன்னாத்தாள் அடுப்படியில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். அந்த மனிதர் எதற்கும் ஒளிந்து பேசி அவள் பார்த்ததில்லை.

"கண்ணு, நீ இப்பிடிக் கெடக்கறத என்னால பாக்க முடியல. நான் சுப்பையன்கிட்டப் பேசிப்போட்டேன். வார வெள்ளிக்கெழம இன்னொருக்காக் கேக்கலாம். இந்தத் தடவ உன்ற பொட்டணத்த நானே கட்டறேன். வெள்ளையா வெச்சுக் கட்டறேன். ரெண்டும் வெள்ளையாப் போயிரும். சாமி குத்தம் வந்தா எனக்கு வரட்டும்."

தனப்பிரியா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஆந்திரா வேலையை விட்டுவிட்டுத் தூங்கிய மனிதர். பெண்ணின் வாட்டத்துக்காகக் கருப்பணாரை ஏமாற்றத் துணிந்து, துணிந்த வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. பூபதிக்கு வேண்டாமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் இவர் நாளைக்கே புதுச்சத்திரத்துக்குக் கிளம்புவார், பூபதியின் காலில்கூட விழுவார்.

"வேண்டாமுங்கப்பா," என்றாள். "சாமி சரியாத்தான் சொல்லியிருக்குதுங்க."

சென்னிமலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எத்தனை படித்தும் புள்ளைக்குச் சாமிமேல் இவ்வளவு நம்பிக்கையா என்று அவர் கண் கலங்கியது. தான் செய்ய இருந்ததை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மகளின் தலையில் கை வைத்தார்.

அந்தக் கை பட்டதும் மூன்று நாளாக வராத அழுகை வந்தது. பொன்னாத்தாள் பதறிக்கொண்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். சும்மா இரு என்று அவளுக்குக் கையைக் காட்டிவிட்டு, அழுது முடிக்கட்டும் என்று சென்னிமலை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார்.